பூட்ஸும் வெறுங்காலும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தோல் மெருகின் வரலாறு

தோல் காலணியைத் தேய்த்து மெருகேற்றும் வழக்கம் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு வந்து இருநூறு ஆண்டுகள்தான் இருக்கும். நீதிமன்றமும் பட்டாளமும் அதைக் கொண்டுவந்தன. தோலைப் பேணும் அறிவு அதற்கு மிகவும் முந்தியது. ஆனால் அந்த அறிவு காலணிக்காக வளர்ந்ததல்ல, கிணற்றுக்காக வளர்ந்தது.

சித்தூர்ப் பக்கம் பெரிய ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பாலாறும் பொன்னையாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. ஏரி நிரம்பாத ஆண்டில் கிணறுதான் கதி. எண்ணெய் எஞ்சினும் மின்மோட்டாரும் வரும்வரை அந்தக் கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவந்தது கவலை ஏற்றம். மாடுகள் சரிவில் இறங்க, வடத்தில் கட்டிய சால் மேலேறும். சாலின் அடியில் இருக்கும் தோல் தும்பி வாய்க்காலில் நீரைக் கொட்டும். அந்தத் தோல் நாள் முழுக்க நனைந்து காயும். எண்ணெய் ஊட்டாவிட்டால் ஒரே கோடையில் வெடித்துப்போகும். தும்பியைத் தைத்தவரும், கிழிந்தால் ஒட்டுப்போட்டவரும், எண்ணெய் தடவிப் பதப்படுத்தியவரும் ஊர்ப்புறத்துத் தோல் தொழிலாளர்களே. தமிழ் பேசும் ஊர்களில் அருந்ததியர், தெலுங்கு பேசும் ஊர்களில் மாதிகர். செருப்பு தைத்தது இந்த வேலையோடு ஒட்டி வந்த வேலை. கூலி பெரும்பாலும் களத்தில் அளந்து போட்ட தானியம்.

அவர்கள் கையாண்ட தோல் ஆவாரம் பட்டையில் பதனிட்டது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரும் சதையும் நீக்கிய தோலை, இடித்த ஆவாரம் பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி வைப்பார்கள். பிறகு கடுக்காய் நீரில் ஒரு முழுக்கு. ஆவாரத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துகொண்டே போகும். கடுக்காய் அதைத் தடுக்கும். கடைசியில் எண்ணெய். இவ்வளவும் முடிந்த தோல் வெளிர்பழுப்பாக, தொட்டால் நெகிழ்வாக இருக்கும். பளபளப்பு இருக்காது, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. புதுச் செருப்பு காலைக் கடித்தால் விளக்கெண்ணெய் தடவினார்கள். அதோடு பராமரிப்பு முடிந்தது.

திருப்பதியில் காலணிக்கு இருந்த இடமே வேறு. மலையே சாளக்கிராமம், அதன்மேல் கால் படலாகாது என்பது பழைய நம்பிக்கை. ராமானுசர் முழங்காலால் ஏறினார் என்று சொல்லும் இடம் மலைப்பாதையில் இன்றும் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் பற்றி அவர் பேரன் சின்னண்ணா எழுதிய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. எட்டு வயதுச் சிறுவனாகச் செருப்போடு மலையேறிய அன்னமய்யா வழியில் தளர்ந்து விழுகிறார். அலமேலுமங்கைத் தாயார் தோன்றிச் செருப்பைக் கழற்றச் சொல்கிறாள். கழற்றியதும் பார்வை தெளிகிறது. தாயார்மேல் சதகம் பிறக்கிறது. தெலுங்கு இலக்கியத்தின் முதல் பெரும் கீர்த்தனைக்காரரின் வாழ்க்கைக் கதை ஒரு ஜோடு செருப்பைக் கழற்றுவதில் திரும்புகிறது.

ஆனால் பக்தர்களின் செருப்பை விலக்கிய மலையில் பெருமாளின் பாதரட்சை வணக்கத்துக்குரியது. இரவில் ஏழுமலையான் மலையிறங்கித் திருச்சானூரில் தாயாரைப் பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்புகிறார், அந்த நடையில் பாதரட்சை தேய்ந்துபோகிறது என்பது இந்தப் பக்கத்தில் வழங்கும் கதை. தேய்ந்ததற்கு மாற்றாகப் புதியதைத் தைத்துக் கொடுக்கும் பொறுப்பு தோல் தொழிலாளர் குலத்தைச் சேர்ந்தது என்கிறது அந்த மரபு. அடிவாரத்து அலிபிரியில் உள்ள பாதால மண்டபத்தில் உலோகப் பாதுகைகளைத் தலையில் சுமந்து சுற்றிவரும் வழக்கம் இன்றும் உண்டு. ஸ்ரீரங்கத்திலும் இதுபோல் பெருமாளுக்குப் பாதரட்சை சமர்ப்பிக்கும் மரபு இருக்கிறது. தைத்தவரைக் கோவிலுக்குள் விடாமல் தைத்த பொருளை மட்டும் தலையில் வைத்துக்கொண்ட நீண்ட காலத்தை இந்தக் கதைகள் மறைப்பதில்லை. ஒருவகையில் அதற்குச் சாட்சியாகவே நிற்கின்றன.

1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது. வட ஆற்காடு மாவட்டம் உருவாகி, சித்தூர் அதன் தலைநகர் ஆயிற்று. கலெக்டர் கச்சேரியும் நீதிமன்றங்களும் அங்கே வந்தன. சென்னை மாகாணத்தின் நடுப் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றமும் அங்கேதான் கூடியது. 1843இல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கும்வரை திருமலைக் கோவில் நிர்வாகமும் அதே கலெக்டரின் கையில்தான் இருந்தது. வெறுங்காலோடு ஏற வேண்டிய மலையின் வரவுசெலவை பூட்ஸ் போட்ட அதிகாரிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் கச்சேரிக்குள் எதைப் போட்டுக்கொண்டு நுழையலாம் என்பது சிறிய கேள்வி இல்லை. இந்தியர் மரியாதைக்காகக் காலணியைக் கழற்றுவது மரபு என்றால், தம் முன்னாலும் கழற்றட்டும் என்று வெள்ளைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். 1820-களில் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் அதை வற்புறுத்தினார். டல்ஹவுசி காலத்தில் அது இறுகியது. அரசு அலுவலகத்துக்குள் நுழையும் இந்தியர் காலணியைக் கழற்ற வேண்டும். ஐரோப்பிய உடை உடுத்தி ஐரோப்பிய பாணி பூட்ஸ் போட்டவருக்கு மட்டும் விலக்கு. 1862இல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி எண்டீ என்ற பார்சி அஸெஸர் காலணியைக் கழற்ற மறுத்தது நாடு முழுக்கப் பேசப்பட்ட வழக்காயிற்று. கோவிலில் கழற்றுவது பக்தி, கச்சேரியில் கழற்றுவது கட்டாயம் என்பது அவர் தரப்பின் சாரம். இந்த விதியின் விளைவு விசித்திரமானது. நாட்டுச் செருப்பு வாசலில் கிடக்க, சீமை பூட்ஸ் உள்ளே போயிற்று. வக்கீல், முன்சீப், சிரஸ்தார் என்று படித்த வர்க்கம் மெல்ல மெல்ல மூடிய தோல் காலணிக்கு மாறியதில் ஆசைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த விதிக்கும் உண்டு. பூட்ஸ் போட்டவர் அது பூட்ஸ் என்று பார்த்தவுடன் தெரியும்படி வைத்திருக்கவும் வேண்டும். கச்சேரி ஊரில் மெருகு தொடங்கிய இடம் அதுதான்.

பட்டாளம் இன்னொரு வாசல். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னைப் படையின் சிப்பாய்கள் அணிந்தது செருப்புதான்; பூட்ஸ் வெள்ளைக்காரச் சோல்ஜருக்கு உரியது. தோல் சம்பந்தப்பட்ட உத்தரவு எவ்வளவு தூரம் போகும் என்பதை வட ஆற்காடே பார்த்தது. 1805 நவம்பரில் வந்த புதிய உடைவிதி சிப்பாய்களின் தலைப்பாகையில் தோல் குஞ்சத்தைச் சேர்த்தது; 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காரணங்கள் பல இருந்தன. தோலைத் தலையில் வைக்கச் சொன்னது அவற்றில் ஒன்று. பிற்காலத்தில் பூட்ஸ் சீருடையில் சேர்ந்தபோது, அணிவகுப்புக்கு முன் அதைப் பளபளக்க வைப்பதும் கட்டளையாகச் சேர்ந்தது. போலீஸும் அதையே பின்பற்றியது.

அப்போது மெருகுக்குப் பயன்பட்டது இன்று தெரிந்த டப்பா பாலிஷ் அல்ல. லண்டனில் டே அண்ட் மார்ட்டின், வாரன் முதலிய கம்பெனிகள் புட்டியிலும் மண்குடுவையிலும் அடைத்து விற்ற கருங்குழம்பு அது. எலும்புக் கரி, சர்க்கரைப் பாகு, வினிகர், எண்ணெய், சிறிது கந்தக அமிலம் ஆகியவை அதன் கூறுகள். சார்லஸ் டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதில் லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனது அப்படியொரு வாரன் கிடங்கில்தான், 1824இல். இந்தக் குழம்பு தேய்க்கத் தேய்க்க மின்னும், மறுநாளே மங்கும். அமிலம் தோலை அரிக்கும். சர்க்கரைப் பாகு ஐப்பசி மழையின் ஈரத்தில் பூஞ்சைக்கு விருந்து. பழுப்பு நிறத் தோலுக்கு அதைப் பயன்படுத்தவே முடியாது. வெள்ளைக்கார வீடுகளில் இதைத் தேய்க்கும் வேலை பட்லருக்குக் கீழிருந்த மேட்டியின் தலையில் விழுந்தது. 1838இல் டாகேர் பாரிஸ் தெருவை எடுத்த படத்தில், நீண்ட நேர ஒளிபதிவில் ஓடிய வண்டிகளும் நடந்த மனிதர்களும் மறைந்துபோக, ஒரே இடத்தில் நின்று பூட்ஸுக்கு மெருகு போடவைத்துக்கொண்டிருந்த மனிதர் மட்டும் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் அவர் என்பார்கள். மெருகு போட்டவர் கறுப்பு நிழலாகவே இருக்கிறார்.

மெழுகு பாலிஷ் பரவலானது 1906க்குப் பிறகு. அந்த ஒரே ஆண்டில் லண்டன் சிஸ்விக்கில் செர்ரி பிளாஸமும், மெல்போர்னில் வில்லியம் ராம்சேயின் கிவியும் விற்பனைக்கு வந்தன. கிவி என்ற பெயர் ராம்சேயின் மனைவி பிறந்த நியூசிலாந்தின் பறவைக்கு உரியது. இவற்றின் சேர்மானம் எளியது: பிரேசில் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு, தேன்மெழுகு போன்ற மெழுகுகள், அவற்றை இளக்கிவைக்கும் டர்பன்டைன், சாயம். டர்பன்டைன் காற்றில் ஆவியாகிப் போய்விடும், மெழுகு மட்டும் தோலின் மேல் மெல்லிய படலமாகத் தங்கும். கார்னூபா உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் வெயிலில் நின்றாலும் அந்தப் படலம் எளிதில் இளகாது. தேன்மெழுகு 62 டிகிரி அளவில் உருகும், கைக்கு மென்மையானது. இரண்டும் சேர்ந்தால் தேய்க்க வரும், நிற்கவும் செய்யும். வட ஆற்காட்டு வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு அதுவரை வந்ததில்லை.

மெருகு என்பது வெளிச்சத்தின் கணக்கு. தோலின் மேற்பரப்பு மயிர்க்கால் துளைகளும் சுருக்கங்களும் நிறைந்தது. அதில் பட்ட ஒளி நாலாபுறமும் சிதறும். மெழுகு பள்ளங்களை நிரப்பிப் பரப்பைச் சமமாக்கினால் ஒளி ஒரே திசையில் திரும்பும், அதைத்தான் கண் பளபளப்பு என்கிறது. பட்டாளத்துக்காரர்கள் துணியில் ஒரு சொட்டு நீரோ எச்சிலோ தொட்டுக்கொண்டு சிறுசிறு வட்டமாகத் தேய்ப்பது இதற்காகவே. நீர் இருந்தால் துணி மெழுகை இழுத்துக்கொண்டு போகாது. படலம் கலையாமல் அடுக்கடுக்காக ஏறும். முனையிலும் குதிகாலிலும் மட்டும்தான் அப்படிக் கண்ணாடி மெருகு ஏற்றலாம். விரல் மடங்கும் இடத்தில் ஏற்றினால் நான்கு அடி நடந்ததும் மெழுகு சில்லுச்சில்லாக உடையும். இது தெரியாமல் முழு ஷூவையும் கண்ணாடியாக்கப் பார்ப்பவர் உழைப்பு வீண்.

பாலிஷ் டப்பா சீமையிலிருந்து வந்த அதே ஆண்டுகளில் தோல் இங்கிருந்து சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் அப்போது சித்தூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காட்டில் அடங்கியவை. அங்கே ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் லண்டன் பெர்மான்ட்ஸி சந்தைக்குப் போயிற்று. எண்ணெய் ஏற்றி, சாயமிட்டு, கறுப்பாக்கிக் காலணித் தோலாக முடித்தது அங்குள்ள பட்டறைகள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு இது இன்றியமையாததாகி, அரசே மொத்தமாக வாங்கிக்கொண்டது. போர் முடிந்தபோது பாலிஷ் டப்பா உலகமெங்கும் பரவியிருந்தது. சிப்பாய்களுக்குப் பழகிப்போன பொருள் வீட்டுக்கும் வந்தது.

இதற்குள் மாவட்டம் பிரிந்துவிட்டது. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் தனி மாவட்டமாகி, வட ஆற்காட்டின் தலைநகர் வேலூருக்குப் போனது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. கோடு போட்ட விதத்தில் பதனிடும் ஊர்கள் ஒரு பக்கமும், கச்சேரியும் கோவிலும் உள்ள ஊர்கள் மறுபக்கமும் நின்றன. ஆம்பூர்ப் பக்கம் தோல் பெருந்தொழிலாயிற்று. சித்தூரிலும் திருப்பதியிலும் தெருவோரத் தையலாகவும் பாலிஷ் பெட்டியாகவும் தங்கியது.

தோலும் மாறியது. அமெரிக்காவில் 1880-களில் தொடங்கிய குரோம் பதனிடலை, ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் 1903 முதல் அரசுச் செலவில் சோதித்தார். அடுத்த ஆண்டு மாகாணத்தின் தோல் தொழில் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் முதன்மைச் சான்று. அவர் குரோம் தோலில் முதலில் கண்டது காலணியை அல்ல, கவலை ஏற்றத்தின் தும்பியை. நீரில் ஊறினாலும் கெடாத தோல் உழவருக்குப் பயன்படும் என்று அதை முன்வைத்தார். சில நாட்களில் முடியும் குரோம் வேலைக்கு முன்னால் வாரக்கணக்கில் ஊறும் ஆவாரம் பட்டை காலணி மேல்தோலில் மெல்லப் பின்வாங்கி, உள்தோலுக்கும் அடித்தோலுக்கும் ஒதுங்கியது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தெனாலி அருகே பிறந்த எலவர்த்தி நாயுடம்மா அதன் இயக்குநராகி, பதனிடுபவர்களின் கொட்டகைவரை அறிவியலைக் கொண்டுபோனார். 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பச்சைத்தோலும் அரைப்பதத் தோலும் ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்தியது. அதன் பிறகுதான் பாலாற்றுக் கரை ஊர்கள் தோலை விற்பதை விட்டு ஷூவாகவே முடித்து அனுப்பத் தொடங்கின. அந்த வளர்ச்சிக்குத் தோல் கழிவால் மாசுபட்டுப் பாலாறு கொடுத்த விலை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக எழுதப்பட்டது.

பாலிஷ் போடும் கை யாருடையது என்பதில் மட்டும் மாற்றம் மெதுவாக நடந்தது. இரும்பு அச்சு, குத்தூசி, மெழுகு தடவிய நூல், இரண்டு பிரஷ், கறுப்பு ஒரு டப்பா, பழுப்பு ஒரு டப்பா: ரயில் நிலையத்தின் முன்னும் கோர்ட் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் இந்தப் பெட்டியோடு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் தும்பி தைத்த குலத்தின் பிள்ளைகள். கிணற்றில் மோட்டார் இறங்கியதும் ஊர்ப்புறத் தோல் வேலை போயிற்று, நகரத்தின் நடைபாதை மிஞ்சியது. 1920-களிலேயே எல்.சி. குருசாமி சென்னைச் சட்டசபையில் அருந்ததியருக்காகப் பள்ளிக்கூடம் கேட்டு வாதாடினார். தொழிலை விட்டு வெளியேறியவர்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் வழிவிட்டது. பள்ளியின் சீருடையில் கறுப்பு ஷூ சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுத் திண்ணையில் பாலிஷ் டப்பாவைத் திறப்பது எல்லாச் சாதி வீட்டுக்கும் பொதுவான வேலையானபோது, அந்த வேலையின்மேல் படிந்திருந்த இழிவு கொஞ்சமாவது கரைந்தது. சார்லி சாப்ளின் வேடத்தில் வந்த செர்ரி பிளாஸம் விளம்பரத்தைத் தூர்தர்ஷனில் பார்த்த தலைமுறைக்கு அது விளையாட்டாகவே தெரிந்தது.

நல்ல தோல் ஷூவை இந்த வட்டாரத்தில் வைத்திருப்பவருக்கு எதிரிகள் இரண்டு. முதலாவது சித்திரை, வைகாசி வெயில். நனைந்த ஷூவை வெயிலில் வைத்தால் தோலின் உள்ளிருக்கும் எண்ணெய் இடம் பெயர்ந்து நார்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு மடிப்பில் வெடிக்கும். செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் காயவைப்பதே முறை. இரண்டாவது ஐப்பசி, கார்த்திகை ஈரம். மூடிய அலமாரியில் இருக்கும் ஷூவில் வெள்ளைப் பூஞ்சை படரும். அதை உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே துடைத்துவிட்டு, காற்றாட வைத்த பிறகே பாலிஷ். ஈரத்தின்மேல் மெழுகு பூசினால் பூஞ்சைக்குக் கூரை போட்டதாகிவிடும். ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் வியர்வை உலர நேரம் கிடைக்கும். வரிசையும் முக்கியம்: முதலில் பிரஷ்ஷால் தூசி, பிறகு ஈரத்துணி, உலர்ந்ததும் தோலுக்கு ஊட்டமாகக் கிரீம், கடைசியில் மெழுகு. தூசியைத் தட்டாமல் தேய்ப்பவர் மணல்தாளால் தேய்க்கிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் மலிவான கறுப்பு ஷூக்கள் பலவற்றில் தோலின் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு அதன்மேல் பிசின் பூச்சு ஏற்றியிருப்பார்கள். விலை உயர்ந்த கிரீம் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. அவற்றுக்கு ஈரத்துணியே போதும்.

திருமலையில் கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் இன்றும் காலணிக்கு அனுமதி இல்லை. வட்டாரத்துக் காலணித் தொழில் மட்டும் வேறு திசையில் போய்விட்டது. 2006இல் தடாவில் தொடங்கிய அப்பாச்சி காலணித் தொழிற்சாலை அடிடாஸுக்கு விளையாட்டு ஷூ தைக்கிறது. 2022 ஏப்ரல் 4இல் புதிய திருப்பதி மாவட்டம் பிறந்தபோது தடாவும் அதில் சேர்ந்தது. அங்கே ஆயிரக்கணக்கில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சுற்று வட்டாரத்துப் பெண்கள். அதே 2022இல் கிவி பாலிஷ் பிரிட்டனில் விற்பனையை நிறுத்திக்கொள்வதாக அதன் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். மெருகு தேவைப்படும் தோல் ஷூவை அணிபவர்கள் குறைந்துவிட்டது அவர்கள் சொன்ன காரணம். தடாவில் தைக்கும் ஷூக்களுக்கும் பாலிஷ் தேவையில்லை.